அரை மணித்தியாலம்

கொட்டாஞ்சேனை பஸ்ஸில் பிரியந்தன் பொரிந்து தள்ளினான்.

“சோதினை எழுத யதுஷாவுக்கு மட்டும் அரை மணித்தியாலம் கூடக் குடுக்கினம். ஒழுங்கா வாசிக்கத் தெரியாதவள் ஏன் கம்பஸுக்கு வந்தவள்?”

“அவளோட கதைச்சிருக்கிறியா?” பக்கத்தில் இருந்த வகுப்புத் தோழி சுபோதினி கேட்டாள்.

“இல்லை. என்னத்தைக் கதைக்கிறது?”

அவன் போனில் பாடம் கேட்கத் தொடங்கினான். “குரூப்பில நீ போடுற இந்த ஓடியோ இல்லாட்டி போனமுறை நான் பெயில். ஆர் இதில கதைக்கிற அக்கா?”

“அக்கா இல்லை. வாசிச்சால் அவளுக்கு எழுத்தெல்லாம் குழம்பும். அதால லெக்சரைக் கேட்டு, தன்ர சொல்லில பதிஞ்சு வச்சுப் படிக்கிறவள். நான்தான் அவளிட்ட வாங்கிப் போடுறனான். யதுஷா.”

பிரியந்தன் ஓடியோவை நிறுத்திவிட்டு மெல்லக் கேட்டான்.

“அரை மணித்தியாலம் அவவுக்குப் போதுமோ?”