வேகத்தடைக்கு ஒரு வணக்கம்

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் தன் புதுச் சஸ்பென்ஷனோடு பேசாமல் முறுக்கிக்கொண்டு நின்றது. ரேஸ் கார்களில் மாட்டும் விலை உயர்ந்த சஸ்பென்ஷன் மீதுதான் அதற்கு ஆசை. சொந்தக்காரி ஜெனிபாவோ, “நான் ஓட்டுறது தெருவுலதானே” என்று, உயரத்தையும் இறுக்கத்தையும் மாற்றிக்கொள்ளக்கூடிய மலிவான ஒன்றை மாட்டிவிட்டாள்.

ஆனாலும் ரேஸ் கார் ஆசை அவளையும் விடவில்லை. காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, சஸ்பென்ஷனைக் கல் மாதிரி இறுக்கி வைத்தாள். கார் பூரித்துப்போனது.

தெருமுனை வேகத்தடையில் தினமும் வயிறு உரசியது. “நடுவழியில படுத்துக்கிட்டு உயிரை வாங்குற” என்று கார் அதைத் திட்டிக்கொண்டே போகும்.

“நான் கொஞ்சம் ஏறிக்கிட்டா போதும்” என்றது சஸ்பென்ஷன்.

“அழகு கெட்டுரும். சும்மா இரு.”

ஒருநாள் அந்தக் குலுக்கலில் பின்சீட்டிலிருந்த முட்டைகள் அத்தனையும் உடைந்தன. ஜெனிபா சீட்டைத் துடைத்துவிட்டு ஸ்பானரை எடுத்தாள். காரை இரண்டு விரல் அளவு உயர்த்தி, இறுக்கத்தையும் தளர்த்தினாள்.

மறுநாள் வேகத்தடைக்கு முன்னால் பிரேக் போட்டதும் சஸ்பென்ஷன் இதமாக அமுங்க, காரின் மூக்கு மெல்லத் தாழ்ந்து நிமிர்ந்தது. வயிறு உரசவில்லை.

வேகத்தடை நெகிழ்ந்துபோனது. “எல்லா வண்டியும் என்னைத் திட்டிட்டுத்தான் போகும். தலை குனிஞ்சு வணக்கம் சொன்ன முதல் வண்டி நீதான். நல்லா இருப்பா.”

காருக்கு என்னவோ போலாகிவிட்டது. “நீ பண்ணினதுக்கு அது எனக்கு நன்றி சொல்லுதே” என்று சஸ்பென்ஷனிடம் கிசுகிசுத்தது.

“வாங்கிக்கோ” என்றது சஸ்பென்ஷன்.

அடுத்த நாள் காலை, ஜெனிபா பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே கார் மூக்கைத் தாழ்த்தியது.