ஆட்டின கிண்ணத்துல ஊத்துறவ

"கிண்ணத்தை ஆட்டின பிறகும் ஊத்துறாளே, இவளை என்னன்னு சொல்றது!"

தன் படகை இழுத்துக்கொண்டு அப்போதுதான் வந்து நின்ற ஹிலால், வண்டியிலிருந்து தலையை நீட்டிச் சத்தமாகவே சொன்னான். படகு இறக்கும் சரிவில் நின்ற ஆட்களெல்லாம் சிரித்தார்கள்.

சுவைக் என்கிற கடலோர ஊரில் இது வாரா வாரம் நடக்கிற கூத்து. மர்ஹூன் உள்நாட்டு ஊரான ருஸ்தாக்கிலிருந்து படகை டிரெய்லரில் ஏற்றி, பிக்கப்பில் இழுத்துக்கொண்டு பறந்து வருவான். தண்ணீருக்குப் பத்தடி இருக்கும்போது அவன் பெண்டாட்டி ஷம்ஸா, "நிறுத்துங்க" என்பாள். இறங்கிப் பாய் விரித்து, பேரீச்சம்பழத்தை எடுத்து வைத்து, சின்னக் கிண்ணத்தில் கஹ்வா காப்பி ஊற்ற ஆரம்பித்துவிடுவாள்.

குடித்தவன் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுத்தால் போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் ஊற்றுவது மரியாதை இல்லை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஷம்ஸாவுக்கு மட்டும் தெரியாது போலிருக்கிறது!

"போதும் ஷம்ஸா. ஆட்டிட்டேன் பாரு."

"கை நடுங்குதோன்னு நினைச்சேன். இன்னும் ஒண்ணு குடிங்க."

"வஞ்சிரம் எனக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?"

"கடல் எங்கேயும் ஓடிடாது. குடிங்க."

டிரெய்லர் சக்கரத்தை ஒட்டித்தான் எப்போதும் உட்காருவாள். ஊற்றுகிற நேரம் போக, கை சக்கரத்தின் மேலேயே கிடக்கும்.

"விட்டா வண்டி புருஷனைத் தூக்கிக்கிட்டு ஓடிடும்னு பிடிச்சு வச்சிருக்கா" என்றான் ஹிலால். மறுபடி சிரிப்பு.

மர்ஹூனுக்குக் காதெல்லாம் சூடேறியது.

போன வருஷம் நெடுஞ்சாலையில் டிரெய்லர் சக்கரம் ஒன்று கழன்று ஓடி, படகோடு பிக்கப் கவிழ்ந்து, தோள்பட்டை உடைந்து கிடந்தான். கேட்டவர்களிடமெல்லாம் "கண்ணு பட்டுடுச்சு" என்றான். இனிமேல் கடலே வேண்டாம் என்று ஷம்ஸா அழுது தீர்த்தாள். அவன் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு, ஒரே ஒரு நிபந்தனையில் சம்மதித்தாள். கரை வரைக்கும் அவளும் வருவாள்.

அன்றைக்குத் தலையாட்டியது எவ்வளவு பெரிய தப்பு!

"நீ நிதானமா குடிச்சு முடிப்பா. நான் முன்னால போறேன்" என்று ஹிலால் தன் டிரெய்லரைப் பின்பக்கமாக நேரே தண்ணீருக்குள் இறக்கினான்.

மர்ஹூன் கிண்ணத்தை நங்கென்று வைத்தான்.

"இத பாரு, அடுத்த வாரத்துலேர்ந்து நீ வராதே. நாலு பேர் முன்னால மானம் போகுது."

ஷம்ஸாவின் முகம் வாடிவிட்டது. "நான் வரலேன்னா..." என்று ஆரம்பித்தவள், அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

அதற்குள் சரிவில் கிறீச்சென்று ஒரு சத்தம். படகை மிதக்கவிட்டு மேலே ஏறிய ஹிலாலின் வெறும் டிரெய்லர் பாதியில் நின்றுவிட்டது. ஒரு சக்கரம் சுற்றவே இல்லை.

கரையோரக் கொட்டகையிலிருந்து மெக்கானிக் ஷம்பே வந்து சக்கரத்தைப் பிரித்தான். உள்ளே கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பேரிங் முழுக்கத் துரு.

"ஐயோ, கரை ஏறினதும் நல்ல தண்ணி விட்டுக் கழுவுறேனே ஷம்பே!" என்று அலறினான் ஹிலால்.

"வெளியில கழுவி என்ன புண்ணியம்? ரோட்டுல ஓடி வந்த சூட்டோட அப்படியே கடல்ல இறக்குறே. சூடா இருக்கிற சக்கரக் குடம் சட்டுன்னு குளிர்ந்தா உப்புத் தண்ணியை உள்ளே உறிஞ்சிக்கும்யா. ஆற விட்டு இறக்குங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன், எவன் கேக்கறான்? போன வருஷம் இந்த மர்ஹூன்கிட்டயும் சொன்னேன். 'கடல்லயே கிடக்கிற எனக்கே பாடமா'ன்னு அடிக்க வந்தான். கொஞ்ச நாள்ல சக்கரம் கழண்டுச்சு."

"அப்ப அவனோடதையும் பிரிச்சுப் பாரு. என்னைவிட வேகமா வர்றவன் அவன்."

ஷம்பே மர்ஹூனின் டிரெய்லரிலும் ஒரு சக்கரத்தைப் பிரித்தான். கிரீஸ் பூசினது பூசினபடி இருந்தது. பேரிங்கில் பேருக்குக்கூடத் துரு இல்லை.

"அட! ஒரு சொட்டு உப்புத் தண்ணி ஏறலையே! மர்ஹூன், நீ எப்பய்யா அடுத்தவன் பேச்சைக் கேக்க ஆரம்பிச்சே?"

மர்ஹூன் சட்டென்று திரும்பினான். வாரா வாரம் சக்கரத்தின் மேலேயே கிடந்த ஷம்ஸாவின் கையைப் பார்த்தான். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷம்ஸா முந்திக்கொண்டாள்.

"நீங்க சொன்னது அவருக்கு அப்புறம் உறைச்சிடுச்சு அண்ணே. 'சக்கரம் ஆறுற வரைக்கும் பொழுது போகணுமே, கஹ்வா எடுத்துக்கிட்டு வா'ன்னு சொன்னதே அவர்தான். 'அவசரத்துல நான் கிண்ணத்தை ஆட்டினாலும் விடாதே, ஊத்து'ன்னு சொன்னதும் அவர்தான்."

"அடப்பாவி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? சரியான கல்லுளிமங்கன்யா நீ!" என்று ஹிலால் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். மற்றவர்கள் அவனை மரியாதையோடு பார்த்தார்கள்.

சக்கரத்தை மாட்டிக் கொடுத்துவிட்டு ஷம்பே போனான். மர்ஹூன் மெதுவாகப் பாயில் வந்து உட்கார்ந்தான். கண் கலங்கியிருந்தது. ஷம்ஸா ஊற்றிக் கொடுத்ததை வாங்கிக் குடித்தான். கிண்ணத்தை அவளிடம் நீட்டினான்.

"சக்கரம் எப்பவோ ஆறிடுச்சுங்க. கிளம்புங்க, மீனெல்லாம் போயிடும்" என்றாள் அவள் சன்னமாக.

"போனாப் போகட்டும். அடுத்த வாரம் பெரிய ஃபிளாஸ்க்கா எடுத்துக்கிட்டு வா."

நீட்டிய கிண்ணத்தை அவன் ஆட்டவே இல்லை.