பத்தில் நின்ற திருகு

மேடையில் ஒரு கிடார், அதன் ஒலியைப் பெருக்கும் ஒரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே தரையில், காலால் மிதித்தால் சத்தத்தைக் கூட்டும் ஒரு பெடல். ஜெரால்டு கிடாரின் ஒலித் திருகை ஏழில் வைத்தான். அதில் பத்துதான் கடைசி எண்.

"நாலாவது பாட்டுல நான் தனியா வாசிக்கணும். டிரம்ஸை மீறி என் சத்தம் கேக்குமா அண்ணே?" என்று கிடார் நடுங்கியது.

"அதுக்குத்தானே நான் இருக்கேன்?" என்றது பெடல். "அப்போ ஜெரால்டு என்னை மிதிப்பான், திருகையும் ஏத்துவான். அதுவரைக்கும் ஏழிலேயே இரு."

"மறந்துட்டா?"

"இருபது வருஷமா மிதி வாங்குறேன். ஒருநாளும் மறந்ததில்லை."

கிடாருக்கு மனம் ஆறவில்லை. முதல் பாட்டில் யாருக்கும் தெரியாமல் திருகை எட்டுக்கு நகர்த்திக்கொண்டது. இரண்டாவது பாட்டில் ஒன்பது. மூன்றாவதில் பத்து.

"அம்மாடி, எனக்குத் தொண்டை வரைக்கும் நிறைஞ்சிடுச்சு" என்று பெட்டி திணறியது.

"கொஞ்சம் பொறுத்துக்கோ மாமா. எனக்குப் பயமா இருக்கு."

நாலாவது பாட்டு வந்தது. ஜெரால்டு பெடலை மிதித்தான். பெடல் தன் பலத்தையெல்லாம் கொடுத்தது. அதை வாங்கிக்கொள்ளப் பெட்டியில் இடமில்லை. சத்தம் உயரவில்லை, கரகரப்புதான் கூடியது. முன்வரிசைக்காரர்கள் விட்ட பேச்சைத் தொடர்ந்தார்கள்.

"அண்ணே, இன்னும் கொடுங்க!" என்று கிடார் அலறியது.

"அவ்வளவும் கொடுத்துட்டேனே!"

அப்போது ஜெரால்டின் சுண்டுவிரல் அவசரமாகத் திருகைத் தேடி வந்தது. மேலே ஏற்றப் பார்த்தது. திருகு அசையவில்லை.