இரத்தம் எடுக்கிற நாள்

"கூடாத வருத்தம் இருக்கோ எண்டு ரத்தம் பாக்க வந்தனான்" என்றேன், ஏன் வந்தாய் என்று கேட்டவளிடம், வாங்குப் பலகையில் கடைசியாக இருந்தவளுக்கும் கேட்கும்படி.

மெல்லச் சொல்லியிருக்கலாம். மெல்லச் சொன்னால் மட்டும் சனம் விட்டுவிடுமா? முழுக்க நனைந்த பிறகு கூதல் என்ன?

அந்த டிஸ்பென்சரியில் மாதத்தில் ஒரு நாள்தான் இரத்தம் எடுப்பார்கள். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் பிள்ளைத்தாச்சிகள். அவர்களுக்கும் அதே வருத்தத்துக்குத்தான், அந்த மேகநோய்க்குத்தான், இரத்தம் பார்க்கிறார்கள். வயிறு முன்னால் நிற்பதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

எனக்கு வயிறு இல்லை. வீட்டில் ஏழு மாதப் பிள்ளை இருக்கிறாள்.

எங்கள் உருத்திரபுரத்திலிருந்து வந்திருந்தவள் சிவனேஸ்வரி ஒருத்திதான். பக்கத்துக் காணிக்காரி. நான் அருகே இருந்ததும் சீலைத் தலைப்பை இழுத்து ஒடுக்கிக்கொண்டாள்.

வெளியே என் புருசன் பரமலிங்கம் சைக்கிள் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சங்கிலிக்கு ஒன்றுமில்லை. கூட்டிக்கொண்டு வந்ததே பெரிது என்று விட்டுவிட்டேன்.

நடந்தது ஒன்றரை மாதத்துக்கு முன்னால், நெல் அரிவு வெட்டு நேரத்தில். போன கிழமை வாய்க்கால் தண்ணீருக்காக எனக்கும் சிவனேஸ்வரிக்கும் சண்டை வந்தது. அந்தக் கோபத்தில் அவள் நேரே என் மாமியிடம் போய், நான் செய்ததைச் சொல்லிவிட்டாள்.

மாமி அந்த நிமிடமே என் ஜெகதீஸ்வரியை மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டா. "ரத்தம் சுத்தமெண்டு கடதாசி கொண்டு வா. அதுக்குப் பிறகு பிள்ளையைத் தொடு."

ஐந்து நாளாகப் பிள்ளைக்கு மாட்டுப்பால். குடிப்பதைவிடக் கக்குவதுதான் அதிகம். நான் என் பாலைப் பிழிந்து வேலியடியில் ஊற்றினேன். அவள் அழுவது நான் சமைக்கும் குசினிக்குள் கேட்கும். நான் போகக்கூடாது.

பயமில்லை என்று சொன்னால் பொய். விடிந்ததும் கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துவேன். உடம்பில் ஒரு வேர்க்குருவைக் கண்டாலும் விரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பேன். ஒரு தரத்தில் ஒட்டுவது அருமை, எப்போதாவதுதான் என்று மருத்துவிச்சி அம்மா சொன்னா. அருமை என்றால் இல்லை என்று அர்த்தமா? அந்த ஒரு சொல் என்னை ஐந்து நாளும் நித்திரை கொள்ள விடவில்லை.

ஆனால் செய்தது பிழை என்று மட்டும் ஒருபோதும் தோன்றவில்லை.

அங்கே மருந்து கொடுப்பதும் இரத்தம் எடுப்பதும் அப்போதிக்கரி ஐயாதான். கொப்பியைத் திறந்து என் பெயரை எழுதினார். விமலேஸ்வரி, வயது இருபத்து மூன்று. பிறகு கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். புருசனிடமிருந்து வந்ததோ என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப ஆர் ஆள்?"

என்ன நடந்தது பிள்ளை என்று கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அவர் ஆளைத்தான் கேட்டார். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வோம் என்று இருந்துவிட்டேன்.

பெயர் தெரியாது என்றேன். வாங்கில் யாரோ ஒருத்தி "சிவ சிவா" என்றாள்.

எத்தனை தரம்? ஒரு தரம்.

எந்த இடத்தில்? வாய்க்கால் கரையில், மருதமரத்தடியில்.

இருட்டின பிறகோ? இல்லை, பட்டப்பகலில். வயலில் சனம் நின்றது.

ஒவ்வொன்றையும் அவர் ஆறுதலாக, அவசரமில்லாமல் எழுதினார். எழுதும்போது தலையை ஆட்டிக்கொண்டார். சிவனேஸ்வரி தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆளின்ரை வயசாவது தெரியுமோ?"

"மூண்டு மாசம்."

பேனை நின்றது. "என்ன மூண்டு மாசம்?"

"அவன்ரை வயசு ஐயா. அரிவு வெட்டுக் கூட்டத்துக்குச் சமைக்க வந்த மனிசியின்ரை பிள்ளை. மனிசி காய்ச்சலிலை நினைவில்லாமல் கிடந்தது. அதுக்கு அந்த வருத்தம் எண்டு சனம் கதைச்சது. ஒருத்தரும் கிட்டப் போகேல்லை. பிள்ளை பசியிலை கத்திக் கத்தித் தொண்டை அடைச்சுப் போச்சுது. நான் தூக்கிப் பால் குடுத்தனான்."



அப்போதிக்கரி ஐயா கண்ணாடியைக் கழற்றினார். முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை என்று குரலை இறக்கிக்கொண்டு, எழுதியதை வெட்டப் பேனையைக் கொண்டுபோனார்.

"வெட்டாதேங்கோ ஐயா, எழுதினதெல்லாம் சரி. வயலிலை நிண்ட எல்லாருக்கும் அவன் அழுதது கேட்டது. போன ஆள் நான் ஒருத்திதான். இப்ப வீட்டிலை என்ரை பிள்ளை அழுகுது, கெதியா எடுங்கோ."

சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினேன்.