செல்லியைப் பார்த்த நாள்

சவுரியப்பன் சாக்பீஸோடு வெளியே வந்தபோது, கரும்பலகைக்குப் பக்கத்தில் குள்ளம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இண்டூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிர் வீடு அவருடையது. போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே தெருப்பக்கச் சுவரில் அந்தப் பலகையை மாட்டினார். முந்தின நாள் தான் செய்ததையெல்லாம் தினமும் காலையில் அதில் எழுதுவார். கத்தரிச் செடிக்கு மருந்து அடித்தது, யாருக்கோ மனு எழுதிக் கொடுத்தது, ஐந்து மைல் நடந்தது, முழங்கால் வலித்தது.

பஸ்ஸுக்கு நிற்பவர்கள் படித்தார்கள். ஒரு நாள் எழுதாவிட்டால் உடம்புக்கு என்னவென்று வீட்டுக்கே வந்து விசாரித்தார்கள். முப்பத்தைந்து வருடம் மற்றவர்கள் எழுதியதன்மேல் முத்திரை குத்தியவருக்கு அது பிடித்திருந்தது.

நான்கு வருடம் இப்படியே போயிற்று. எண்பத்தாறாம் வருடம் ஆடி மாதத்தில், குள்ளம்மாள் வந்து நின்றதற்கு மூன்று நாளைக்கு முன்பு, இப்படி எழுதியிருந்தார்:

'நேற்று ஓசூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் நம்ம செல்லியைப் பார்த்தேன். நூல் மில்லில் வேலையாம். முழுகாமல் இருக்கிறாள். முகம் தெளிவாக இருக்கிறது.'

செல்லி, குள்ளம்மாளின் மகள். எட்டு மாதத்துக்கு முன்னால் லாரி கிளீனர் மாதுவோடு ஊரைவிட்டுப் போனவள். மாது வேறு சாதி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பெயரை எடுத்ததில்லை.

பெற்றவளுக்குப் பிள்ளை உயிரோடு இருப்பது தெரியட்டும், அதற்காகத்தான் எழுதினேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சவுரியப்பன் சொன்னார்.

பெற்றவள் படிக்கவில்லை. செல்லியின் அப்பா பச்சியப்பனும் அவன் தம்பியும் படித்தார்கள்.

குள்ளம்மாள் அழாமல், குரலை ஏற்றாமல் சொன்னாள். ஜீப் பேசியாகிவிட்டது. பத்து மணிக்கு ஓசூர் கிளம்புகிறார்கள். கொடுவாளைச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார்கள். அவர்கள் காலில் அவள் விழுந்தும் பார்த்துவிட்டாள்.

"அந்தப் புள்ள அங்க இல்லைன்னு எழுதிப் போடுங்க சாரு. நீங்க எழுதுனா நம்புவாங்க."

அவர் அதுவரை பலகையில் பொய் எழுதியதில்லை. நாலு மைல் நடந்த நாளில் ஐந்து என்றுகூட எழுதியதில்லை.

முதல் எழுத்திலேயே சாக்பீஸ் உடைந்தது. துண்டை எடுத்து எழுதினார்.

'நேற்று தர்மபுரி போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் செல்லியும் மாதுவும் பெட்டியோடு நின்றார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஓசூர் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள்.'

தர்மபுரி போனது மட்டும் நிஜம். பஸ் ஏறியதைப் பலர் பார்த்திருந்தார்கள்.

குள்ளம்மாள் அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே போனாள்.

ஒன்பதரை மணிக்குப் பச்சியப்பன் தம்பியோடு வந்து பலகை முன்னால் நின்றான். உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தான். எந்தக் கம்பெனி என்று கேட்டான். கேட்டுக்கொள்ளவில்லை என்றார் சவுரியப்பன். அத்தனை பெரிய ஊரில் எங்கே போய்த் தேடுவது என்று தம்பி சலித்துக்கொண்டான்.

ஜீப்பைத் திருப்பி அனுப்பினார்கள்.

அத்தோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் யாராவது ஓசூர் பக்கம் போய் விசாரித்தால் தெரிந்துவிடும். செல்லியிடம் சொல்லி எச்சரித்துவிட வேண்டும் என்று பகல் பஸ்ஸிலேயே கிளம்பினார்.

மில்லுக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள். கடைசிக்கு முந்தின வீட்டில் பூட்டு தொங்கியது. கொடியில் ஒரு துணி இல்லை.

வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண், ராமக்காள், கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தாள். அவர்கள் காலி செய்துவிட்டுப் போய் நாலு நாள் ஆகிறது என்றாள். ஊர்க்காரர் ஒருவர் வந்து போன அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட்டார்களாம். மாதச் சம்பளத்துக்குக்கூட நிற்கவில்லையாம்.

அவர் பலகையில் எழுதியது அதற்கு மறுநாள்தான்.

எங்கே போனார்கள் என்று கேட்டார். ராமக்காள் அவருடைய கண்ணாடியையும், தோளில் கிடந்த துண்டையும், சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவையும் பார்த்தாள்.

"போர்டுல எழுதுற போஸ்ட் மாஸ்டர் நீங்கதானுங்களா?"

அவர் தலையாட்டினார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு அந்தப் புள்ள சொல்லிட்டுப் போச்சுங்க."

அவள் போய் மறுபடியும் பாத்திரங்களின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் பார்த்த அன்றைக்குச் செல்லி அவரைக் கையோடு இந்த வீட்டுக்குத்தான் கூட்டி வந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். அவர் கிளம்பும்போது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து காலைத் தொட்டு, பார்த்ததை மட்டும் எழுதிவிடாதீர்கள் என்று கேட்டாள். எழுதமாட்டேன் என்று அவளுடைய தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

அவர் பார்க்கப் போயிருந்த நண்பர் அன்று வீட்டில் இல்லை. மறுநாள் காலை, எழுத அவரிடம் வேறு சேதி இருக்கவில்லை.