வாய் பட்ட குழல்

கிண்ணம் இன்னும் மூன்று பேர் தள்ளி இருந்தது.

மாமரத்தடியில் ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பராகுவேயில் டிசம்பர்தான் கத்திரி வெயில். பள்ளிக்கூடத்துக் கட்டட வேலையைப் பத்து மணிக்கு அப்படியே நிறுத்திவிட்டு, தெரெரே குடிக்க எல்லோரும் நிழலுக்கு வந்துவிடுவார்கள்.

மாட்டுக் கொம்பில் செய்த கிண்ணம். பாதிக்கு மேல் இலைத்தூள். அதில் செருகிய ஓர் உலோகக் குழல். கொத்தனார் எலாடியோ ஜாடியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஊற்றி ஒருவரிடம் கொடுப்பார். அவர் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தருவார். மறுபடி தண்ணீர். அடுத்தவர்.

ஒரே கிண்ணம். ஒரே குழல்.

யாரும் துடைப்பதில்லை.

இரண்டு மாதமாக அந்தக் கிண்ணம் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

வந்த முதல் நாள் அவனிடமும் கொடுத்தார்கள். தன்னார்வலர்களில் அவன் ஒருவன்தான் வெளிநாட்டுக்காரன். எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் குழலை உருவி மடியில் வைத்தான். அண்ணாந்து, கிண்ணத்தைத் தூக்கி, வாய்க்குள் ஊற்றினான்.

மூக்கில், கண்ணில், சட்டைக்குள் ஈர இலை.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

மறுநாள் கிண்ணம் வரவில்லை. பக்கத்தில் உட்காரும் சுனில்டா, ஒரு நீல பிளாஸ்டிக் தம்ளரில் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவனைப் போலவே அவளும் தன்னார்வலர். சுவர்களுக்கு வண்ணம் அடிப்பவள். தம்ளரில் அவன் பெயரைப் பெயின்ட்டால் எழுதி, கீழே ஒரு பூவும் வரைந்திருந்தாள்.

அவன் நன்றி சொன்னான்.

தனித் தம்ளர்.

இதற்கா இத்தனை கடல் தாண்டி வந்தோம் என்றிருந்தது.

அவன் ஊர் டீக்கடையில் மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். அவன் தெருக்காரர்களுக்கு மட்டும் பேப்பர் கப். கூடப் படித்தவன் வீட்டில் சொம்பை நீட்டும்போது யாரும் எதுவும் சொன்னதில்லை. அவனே அண்ணாந்துகொள்வான். ஒரே ஒரு முறை மறந்து வாய் வைத்துவிட்டான். வாசல் தாண்டுவதற்குள் பின்கட்டில் சாம்பல் போட்டுத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

நேற்று சாரத்தில் நின்று வேலை செய்யும்போது சுனில்டாவிடம் கேட்டேவிட்டான். எனக்கு மட்டும் ஏன் தனித் தம்ளர்?

அவள் திகைத்துப்போனாள்.

"நீதானே குழல்ல வாய் வைக்கல? எங்க எச்சி உனக்கு அருவருப்பா இருக்கும்னு நெனச்சோம். உன்னைச் சங்கடப்படுத்த வேணாம்னு எலாடியோதான் சொன்னார்."

அவன் இல்லை இல்லை என்று கையை ஆட்டினான். தெரிந்த ஸ்பானிஷை எல்லாம் திரட்டினான். உங்கள் வாய் இல்லை. என் வாய். என் வாய் பட்டால், அதற்குப் பிறகு நீங்கள் குடிப்பீர்களா என்று...

மீதிக்குத் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினான்.

சுனில்டா பிரஷ்ஷை டப்பாவில் போட்டாள். அவன் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"உன் வாய்ல அப்படி என்னப்பா இருக்கு? திற, பாப்போம்."

சிரித்துவிட்டான். ஆனால் அவள் இதை எலாடியோவிடம் சொன்னாளா என்று தெரியாது. கேட்கக் கூச்சமாக இருந்தது.

இப்போது இரண்டு பேர்.

ஒருவர்.

எலாடியோ தண்ணீர் ஊற்றினார். கை அவன் பக்கமாக நீண்டது. தாண்டவில்லை. அங்கேயே நின்றது.

"குழலை மட்டும் உருவிடாத, சாமி."

வாங்கினான்.

குழலின் நுனியில் லேசான சூடு. முன்னால் குடித்தவரின் உதட்டுச் சூடு. அதன் மேல் தன் உதட்டை வைத்தான். கசப்பாகவும் சில்லென்றும் ஏதோ தொண்டையில் இறங்கியது. அடியில் கொரகொரவென்று சத்தம் வரும்வரை உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

அடுத்தது சுனில்டா.

எலாடியோ மெதுவாக ஊற்றினார். எப்போதும் போலத்தான் ஊற்றினார். அவனுக்குத்தான் மெதுவாகத் தெரிந்தது.

சுனில்டாவின் மடியில் கைதுடைக்கும் துணி இருந்தது. துடைத்தால் துடைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான். வெயில். தூசி. யாருக்கும் தோன்றும். துடைத்தாலும் அவள் நல்லவள்தான்.

அவள் கிண்ணத்தை வாங்கினாள். எலாடியோவோடு சண்டையில் இருந்தாள்.

"அந்தச் சாரம் ஆடுதுன்னு மூணு நாளாச் சொல்றேன். நான் விழுந்தப்புறம்தான் கட்டுவீங்களா?"

குழல் அவள் வாய்க்குள் போனது. ஒரே இழுப்பு. முகத்தைச் சுளித்தாள்.

அவன் தரையைப் பார்த்தான்.

"புதினா கொஞ்சம் அதிகமாப் போட்டா என்ன, சொத்தா போயிடும்?" என்று எலாடியோவிடம் கேட்டுவிட்டு, மிச்சத்தையும் உறிஞ்சி முடித்தாள்.

அவ்வளவுதான்.

துணி மடியிலேயே கிடந்தது.

அவன் காலை நீட்டி உட்கார்ந்தான். மரத்தில் சாய்ந்துகொண்டான். மேலே காற்றே இல்லாமல் ஒரு கிளை அசைந்தது. கிளியாக இருக்கும்.

இரண்டாவது சுற்று வந்தபோது அவன் பேசிக்கொண்டிருந்தான். மரத்திலிருந்து விழுந்த ஒரு காயைக் காட்டி, இதை இப்படிப் பழுக்கவிடுவது பாவம், பச்சையாகவே கீறி மிளகாய்த்தூள் தூவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். தெரியாத ஸ்பானிஷுக்குக் கையைப் பயன்படுத்தினான். அந்தக் கையில் கிண்ணம் இருந்தது.

"மாங்காய்ல மிளகாயா! அட கடவுளே!" என்றாள் சுனில்டா.

"அது மைக் இல்லப்பா," என்றார் எலாடியோ. "குடிச்சிட்டுக் கொடு. ஆறு பேர் காத்துக்கிட்டிருக்கோம்."

ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினான்.

உப்பு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதையும் விளக்கி முடித்துவிட்டுத்தான் குழலை வாயில் வைத்தான்.