சிவப்பு வால்

மார்கழிக் குளிர் தொடங்கியதும் யோகராஜின் கட்டுகஸ்தோட்டை வீட்டில் எலிகள் குடிவந்தன.

"கொன்னுடாதீங்க, பிள்ளையாரோட வாகனம். பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி கிருஷாந்தி. பொறிக் கூட்டில் சிக்கிய எலியின் வாலில் அடையாளத்துக்குச் சிவப்புக் கியூட்டெக்ஸும் பூசினாள்.

நான்காம் நாள் கூட்டில் மறுபடி அதே சிவப்பு வால்.

"பாலம் வரைக்கும் போனீங்களா, இல்ல சந்தியிலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"சத்தியமா அந்தப் பக்கம் போய்த்தான் விட்டேன்!"

"அப்ப, மகாவலி ஆத்த நீந்தியா வந்துச்சு?"

யோகராஜ் கூட்டைப் பையில் போட்டுக்கொண்டு மீண்டும் கிளம்பினார். நடுப்பாலத்தில், எதிரே பையோடு வந்த ஒரு பெரியவர் நின்றார். அவருடைய பையும் கீச்சிட்டது.

"உங்க வீட்லயும் எலியா, தம்பி? எனக்கும் கொல்ல மனசு வரல. அதான் உங்க பக்கம் கொண்டுவந்து விடுறேன்" என்றவர், யோகராஜின் பைக்குள் எட்டிப் பார்த்தார். "அட, இந்தச் சிவப்பு வால முந்தாநாள் நான்தானே கொண்டுவந்து விட்டேன்!"

யோகராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் எந்த முகத்தோடு கோபப்படுவது?

"சரி, மீதிப் பாலத்த எதுக்கு வீணா நடக்கணும்?" என்றார் பெரியவர்.

இருவரும் கூடுகளை மாற்றிக்கொண்டார்கள். பெரியவரின் எலியைச் சந்தியிலேயே திறந்துவிட்டு, யோகராஜ் வீட்டுக்கு வந்தார்.

"இந்தத் தடவையாவது அந்தப் பக்கம் போயிருச்சா?" என்றாள் கிருஷாந்தி.

"போயிருச்சு. பொறுப்பான ஆள்கிட்டயே ஒப்படைச்சிருக்கேன்."